ஒரு சின்னத் திருத்தம்

ஆல்பர்ட் பார்க்கில் விக்டோரியா மகாராணியின் சிலைக்கு முன்னால் நின்று ஏரம்பமூர்த்தி அன்றைய நகர்வலத்தின் முதல் பொய்யைச் சொல்லி முடித்தபோது, பின்னாலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள். இரண்டு தரம். நடுவில் சிறிய இடைவெளி. கதவைத் தட்டிவிட்டு உத்தரவுக்காகக் காத்து நிற்பது போன்ற, மிக மரியாதையான செருமல்.

அவர் திரும்பிப் பார்த்தார். ஈரப் புல்வெளி இருந்தது. பாண் துண்டுக்கு ஏங்கிய புறாக்கள் இருந்தன. மனிதர் யாரும் இல்லை.

பொய் பெரிய பொய்யல்ல. மகாராணி இந்தச் சிலையை நேரில் வந்து பார்த்தவ, மூக்குச் சரியில்லை என்று சிற்பியைக் கண்டித்தவ என்று அவர் சொல்லுவார். மகாராணி தன் வாழ்நாளில் நியூசிலாந்துப் பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனால் கேட்கிறவர்கள் நேற்று முன்தினம் விமானத்தால் இறங்கியவர்கள். சிலையின் மூக்கை அண்ணாந்து பார்த்து, ஓம், கொஞ்சம் பிழைதான் என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலில் ஏரம்பமூர்த்திக்கு ஒரு கிழமைக்குத் தேவையான பலம் கிடைத்துவிடும்.

அவர் ஆக்லாந்து தமிழ்க் கலாசார நற்பணிக் கழகத்தின் ஆயுட்காலத் தலைவர். அந்தப் பதவியை உண்டாக்கியவர் அவர். அதற்குத் தன் பெயரை முன்மொழிந்தவரும் அவர். வழிமொழிய மட்டும் மனைவி குணவதியை எழும்பி நிற்கச் சொன்னார். எழுபதுகளில் கணக்கு வாத்தியாராக வந்து, பிளாக்ஹவுஸ் பே பகுதியில் மோர்ட்கேஜுக்கு வீடு வாங்கி, எண்பத்து மூன்றுக்குப் பிறகு நாட்டைவிட்டு வந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்தையும் கழகத்தின் வான் வண்டியில் ஏற்றி நகரின் சரித்திரச் சின்னங்களைக் காட்டுகிற பொறுப்பை யாரும் கேளாமலே தலையில் சுமந்துகொண்டவர். விசா கிடைத்து, வேலை கிடைத்து, டெயரி என்கிற மூலைக் கடையில் பால் வாங்கப் பழகினாலும், அவருடைய நகர்வலத்தில் ஏறி இறங்காதவரைக்கும் ஒருவர் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்ததாகக் கொள்ளப்படுவதில்லை.

நகர்வலம் எப்போதும் சிமண்ட்ஸ் வீதிப் பழைய கல்லறைத் தோட்டத்தில், நாட்டின் முதல் ஆளுநரின் சமாதிக்கு முன்னால் முடியும். அங்கே புதிதாக வந்தவர்களில் ஒருவர் ஏரம்பமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும். மற்றவர் படம் எடுக்க வேண்டும். இரண்டு ஆளுநர்களும் ஒரே படத்தில் விழுவதுதான் முக்கியம். பொன்னாடை அவருடையதே. அகதியாக வந்தவர்களைச் செலவுக்குள்ளாக்கக் கூடாது என்ற பெருந்தன்மையில் அவரே அதை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவருவார்; போர்த்துகிறவரின் கையில் இரகசியமாகத் திணிப்பார்; போர்த்தியதும் திகைத்துப்போய் இதெல்லாம் எதற்கு என்பார். பிறகு குணவதி அதைத் தோய்த்து மடித்து அடுத்த குடும்பத்துக்காக எடுத்து வைப்பாள்.

அன்றைக்கு வானில் நான்கு பேர். நியூ லின்னில் இருந்து சற்குணம் என்கிற சாதுவான மனிதர். பாபகூராவில் குடியேறியிருந்த மலேசியாவின் ஈப்போக்காரர் மோகனதாஸ், அவர் மனைவி கிளாரா. நான்காவது ஆள், சற்குணம் தன் செலவில் கூப்பிட்டெடுத்த தமக்கை. மெலிந்த பெண். வெள்ளைச் சேலைக்கு மேல் தம்பியின் சாம்பல் நிறக் குளிர்ச்சட்டை.

"என்ர அக்கா புஷ்பவதி," என்றார் சற்குணம், வானில் ஏறும்போது. "அத்தான்தான்... மகேசன் மாஸ்டர். எண்பத்து மூண்டு யூலையில, கொழும்பில." அதற்கு மேல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அந்த மாதத்தையும் ஊரையும் சேர்த்துச் சொன்னால் மீதியைக் கேட்பவரே முடித்துக்கொள்ளும் காலம் அது.

ஓ, அப்படியோ என்று ஏரம்பமூர்த்தி வானை ஸ்டார்ட் செய்தார். திறப்பு முதல் தடவையில் துவாரத்துக்குள் போகவில்லை. இரண்டாம் தடவையிலும் போகவில்லை.

மகேசனின் மனைவி. இத்தனை சனத்துக்குள்ளே. இந்த வானுக்குள்ளே.

அவருக்குத் தெரிந்த ஒரு விடயம் இந்தப் பூமியில் வேறு யாருக்கும் தெரியாது. அது அப்படியே தெரியாமல் இருக்க வேண்டும். அன்றைக்கு அவருக்கு அதைவிட வேறு பிரார்த்தனை இல்லை.

பார்க்கிலிருந்து துறைமுகத்தை நோக்கி வான் இறங்கியது. சனிக்கிழமைப் பின்னேரம், கடைகள் பூட்டிக்கிடந்த குயின் வீதியில் ஆடிமாதக் குளிர்காற்று கடதாசிகளை உருட்டிக்கொண்டு போனது. கடைசி இருக்கையில் யாரும் இல்லை. அதில் பொன்னாடைப் பை மட்டும் கிடந்தது. கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தபோது, அந்த இருக்கைக்குப் பக்கத்து யன்னலில் ஓர் ஆவிப் படலம் தெரிந்தது. ஒருவர் முகத்தை யன்னலுக்கு அருகே வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தபடி வந்தால் எவ்வளவு இடம் மங்குமோ அவ்வளவு. அது சுருங்கியது. பிறகு பெருத்தது. மறுபடி சுருங்கியது.

"மாஸ்டர், கிளச் கருகுது போல இருக்கே," என்றார் மோகனதாஸ். "ரப்பர் வாசம் வருது."

பழைய வான் என்று ஏரம்பமூர்த்தி சொன்னார். அவருக்கும் அந்த வாசம் வந்துகொண்டிருந்தது. எரிந்த டயர். அதற்குக் கீழே இன்னொரு வாசம். அதற்கு அவர் பெயர் வைக்க விரும்பவில்லை.

ஃபெரி கட்டடத்தின் முன்னால் இறங்கியதும் பழைய உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டார். மணிக்கூட்டுக் கோபுரத்தின் கீழ் நின்று, கடலைப் பார்த்துக் கையை நீட்டி, இந்த நாட்டில் கண்டெடுத்த தமிழ் மணியைப் பற்றித் தொடங்கினார். கப்பலில் தொங்கிய வெண்கல மணி, அதில் தமிழ் எழுத்து, அதை மாவோரிகள் கிழங்கு அவிக்கப் பாவித்தது, இப்போது அது தலைநகர் நூதனசாலையில் இருப்பது எல்லாம் உண்மை. அந்த உண்மை அவருக்குப் போதவில்லை. அந்தக் கப்பல் இந்தத் துறைக்குத்தான் வந்தது என்றார். கப்பல்காரர் வல்வெட்டித்துறைச் சைவர் என்றார். இரண்டு வசனம் தள்ளி, அவர் தன் தாய்வழிப் பூட்டனாருக்கு ஒன்றுவிட்ட சகோதரம் என்றும் சொல்லிவிட்டார்.

செருமல். இரண்டு தரம். இம்முறை தூணுக்குப் பின்னால்.

அவர் பேச்சு நின்றது. பலகைத் துறையின் கீழ் தண்ணீர் மொத்திக்கொண்டிருந்தது.

"மணியில ஒரு முஸ்லிம் ஆளின்ர பேரெல்லோ எழுதியிருக்கு, மாஸ்டர்," என்றாள் புஷ்பவதி. வானில் ஏறியதிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "இவர் சொல்லுறவர். நியூசிலாந்துக்குப் போறம் எண்டு இந்த நாட்டைப் பற்றி எல்லாம் வாசிச்சு வச்சிருந்தவர்."

மோகனதாஸ் சிரிப்பை அடக்க வாயைத் துடைத்துக்கொண்டார். கிளாரா கடற்பறவைகளைப் பார்த்தாள். மோகனதாஸின் அந்தச் சிரிப்பை, அதே அளவில், வாயின் அதே மூலையில், ஏரம்பமூர்த்தி முன்பும் பார்த்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் அவரும் மகேசனும் ஒரே கல்லூரியில் படிப்பித்தவர்கள். கல்லூரி விழாவொன்றில், பிரதம விருந்தினர் முன்னால், யாழ்ப்பாணக் கோட்டையை முதலில் கட்டியவர்கள் ஒல்லாந்தர் என்று ஏரம்பமூர்த்தி முழங்கிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் வரிசையில் ஒருவர் இரண்டு தரம் செருமிவிட்டு எழும்பினார். சுருட்டை முடி, மெல்லிய குரல். மன்னிக்க வேணும் மாஸ்டர், ஒரு சின்னத் திருத்தம் என்றார். முதலில் கட்டியது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் பிறகுதான் அதைப் பெருப்பித்தவை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒரு துளியும் இல்லை. பிழை ஒன்று காற்றில் கிடக்கிறதைப் பொறுக்கமுடியாத பிறவி, அவ்வளவுதான். சபை சிரித்தது. அதற்குப் பிறகு ஏரம்பமூர்த்தி வகுப்புக்குள் காலை வைத்தால் பின்வரிசை வாங்கில் யாராவது செருமுவான். இரண்டு தரம். அவர் கடல் கடந்து இவ்வளவு தூரம் வந்ததற்குச் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு என்று ஆட்களுக்கு ஆயிரம் காரணம் சொல்லுவார். அந்தச் செருமல் எட்டாத தூரம் எது என்று பூகோளப் படத்தில் தேடிப் பார்த்தவர் என்பதே உண்மை.

இப்போது அது துறைமுகத் தூணுக்குப் பின்னால் நிற்கிறது.

சிவிக் தியேட்டரின் முன்மண்டபத்தில் யானைத் தலைகளையும் சப்பணமிட்ட புத்தர்களையும் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். படம் தொடங்க நேரம் இருந்தது. வாசலில் நின்ற இளைஞன் ஏரம்பமூர்த்திக்குப் பழக்கம். உள்ளே எட்டிப் பார்க்க விட்டான். கதவு பின்னால் மூடிக்கொண்டதும் கண் இருண்டது. மேலே செயற்கை வானம், நீலமாக, சின்னச் சின்ன நட்சத்திரங்களோடு. தூரத்தில் மேடையின் இரு பக்கமும் சிறுத்தைகள், சிவப்புக் கண்கள். பழைய கம்பளத்தின் புழுக்க மணம், யாரோ கொட்டிய ஐஸ்கிரீமின் இனிப்பு மணம், அதற்குள்ளே மெல்ல மெல்ல ஏறி வந்த அந்தக் கருகல். இந்தியாவின் மகாராசா ஒருவர் தந்த பணத்தில் கட்டியது என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். பழக்கதோஷம்.

வலது காதுக்குள் சூடான காற்று விழுந்தது.

செருமல். ஒன்று.

இடைவெளி.

இரண்டு.

"ஒரு சின்னத் திருத்தம், மாஸ்டர்." மெல்லிய குரல். தொண்டைக்குள் சாம்பல் உதிர்வது போன்ற குரல். "தெரியாது எண்டு சொன்னியள். தெரியும் எண்டெல்லோ சொல்லவேணும்."

அவர் அசையவில்லை. அசைந்தால் எதன்மேல் முட்டும் என்று தெரியவில்லை. இருட்டில் கிளாரா நட்சத்திரங்களைக் காட்டி ஏதோ சொல்ல, மோகனதாஸ் சிரித்தார். அவர்கள் ஒரு கை தூரத்தில்தான் நின்றார்கள். அவர்களுக்குக் கேட்கவில்லை.

தெரியாது. ஓம். அந்தச் சொல்தான்.

எண்பத்து மூன்றின் தொடக்கத்தில் ஒரு மத்தியானம் அவர் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. குடிவரவு அலுவலகத்து மனிதர், நல்ல மனிதர். மகேசன் என்று ஒருவர் ஆசிரியர் வேலைக்கு இங்கே வரக் கேட்டிருக்கிறார், தன்னைத் தெரிந்தவராக உங்கள் பெயரைத் தந்திருக்கிறார், உங்களுக்கு இவரைத் தெரியுமா என்று கேட்டார். குழம்பு ஒட்டிய விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி ஏரம்பமூர்த்தி கண்ணை மூடினார். அந்தச் சபையின் சிரிப்பு கேட்டது. தன்னுடைய கழகக் கூட்டங்களில் முன்வரிசையில் அந்தச் சுருட்டை முடி வந்து உட்காரப் போகிறது என்பது தெரிந்தது. தெரியாது, கேள்விப்பட்டதே இல்லை என்றார். மற்ற மனிதர் நன்றி சொன்னார். புட்டு ஆறவில்லை, திரும்பிவந்து அவர் அதைச் சாப்பிட்டு முடித்தார்.

மகேசன் மறுபடி விண்ணப்பித்துவிட்டு, வேறு ஆட்களைப் பிடித்து, அலுவலகங்களுக்கு அலைய வசதியாகக் கொழும்பில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார் என்பது பிறகு செவிவழியாகத்தான் வந்தது. யூலைக் கலவரத்தில் தெருவில் வைத்துக் கொளுத்தினார்கள் என்பதும் அப்படித்தான் வந்தது. அனுதாபக் கூட்டத்துக்கு ஏரம்பமூர்த்தியே தலைமை வகித்தார். பெயர்கள் வாசிக்கப்பட்டபோது மிக உருக்கமாக எழுந்து நின்றார்.

வெளியே வந்தபோது வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. கல்லறைத் தோட்டத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம், குளிர் கூடுகிறது என்றார்.

"ஐயோ மாஸ்டர், அந்தப் படம்தானே முக்கியம்னு சொன்னாங்க," என்றார் மோகனதாஸ். கழுத்தில் தொங்கிய புது கேமராவைத் தட்டினார். "உங்களுக்கு ஒரு மரியாதை செய்யாம எப்படி அனுப்புறது?"

மரியாதை. ஏரம்பமூர்த்தி பயந்த மனிதராகத்தான் நின்றார், உடம்பெல்லாம் வேர்த்திருந்தது, காதுக்குள் சாம்பல் இருந்தது. என்றாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் முதுகு தானாக நிமிர்ந்தது. வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டிய மனிதர் வானைச் சிமண்ட்ஸ் வீதிக்குத் திருப்பினார்.

வழியில், முன் இருக்கையில் இருந்த சற்குணத்தின் பக்கம் சாய்ந்து, ஒரு விடயத்தைத் தணிந்த குரலில் தெளிவாக்கினார். பொன்னாடையைக் கிளாரா போர்த்தட்டும். வேதக்காரி என்றாலும் கழுத்தில் தாலி இருக்கிறது. தாலி இழந்தவரின் கையால் போர்த்துவிக்கிறது வழக்கமில்லை. தனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, ஆனால் படத்தைப் பார்க்கிற சனம் கதைக்கும்.

சற்குணம் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அது சரிதானே, மாஸ்டர்," என்றாள் புஷ்பவதி பின்னாலிருந்து. குரலில் கோபம் இல்லை. "வழக்கம் எண்டா வழக்கம்தானே."

கண்ணாடியில் அவளைப் பார்த்தார். அவள் கடைசி இருக்கைக்கு மாறியிருந்தாள். பொன்னாடைப் பை அவள் மடியில் இருந்தது. அவள் பக்கத்தில் இருந்த யன்னல் ஆவி படிந்து வெண்மையாக இருந்தது. ஒருவரின் ஆவி போதாது அவ்வளவுக்கு.

கிராஃப்டன் பாலத்துக்குப் பக்கத்தில் வானை நிறுத்தினார். கல்லறைத் தோட்டம் அங்கிருந்து பள்ளத்துக்குள் சரிந்து போகிறது. மேலே ஓக் மரங்கள், கீழே காடு பிடித்த ஓடை, அதற்கும் அப்பால் நெடுஞ்சாலையின் ஓயாத இரைச்சல். அந்தச் சாலைக்காக ஆயிரக்கணக்கான பிணக்குழிகளைத் தோண்டி எடுத்த இடம் அது. மிச்சமிருந்த கற்கள் சாய்ந்தும் விழுந்தும் கிடந்தன. ஈர மண்ணும் அழுகிய இலையும் மணந்தன. ஆளுநரின் சமாதியடிக்கு வந்ததும் வாய் தன்பாட்டில் தொடங்கியது: எல்லாரையும் முறைப்படி, மரியாதையாக, ஓர் எலும்பும் விடாமல் எடுத்துக் கொண்டுபோனவை, இங்கே கீழே இப்போது ஒருவரும் இல்லை.

செருமல்.

அது ஒரு தொண்டையிலிருந்து வரவில்லை. பள்ளத்தின் அடியிலிருந்து, கற்களுக்கு இடையிலிருந்து, சரிவு முழுவதும். பெரிய சபையொன்று உட்கார்ந்திருந்து, பேச்சாளர் விட்ட பிழைக்காகப் பொறுமையோடு செருமுவதைப் போல.

பிறகு அமைதி. நெடுஞ்சாலையும் அமைதி.

மற்றவர்கள் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். மோகனதாஸ் கேமராவைக் கண்ணுக்கு வைத்தார்.

"மாஸ்டர், நீங்க நில்லுங்க. பின்னால நிக்கிறவர் மட்டும் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும்."

"ஆர்?"

"உங்க தோளுக்குப் பின்னால. சுருட்டை முடி வச்சவர்." கேமராவை இறக்கினார். வெறும் கண்ணால் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "இல்ல. மரம் போல."

ஏரம்பமூர்த்தியின் பின்கழுத்தில் சூடு. அடுப்பின் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிற சூடு.

கிளாரா பைக்குள் கையை விட்டாள். உடனே இழுத்துக்கொண்டாள். "என்னாங்க இது, ஈரமா இருக்கு. மண்ணெண்ணெ வாசம்." பை கீழே விழுந்தது.

புஷ்பவதி குனிந்து எடுத்தாள். பொன்னாடையை உதறி விரித்தாள். அந்த மங்கலில் சரிகைக்கரை மட்டும் தெரிந்தது. அவள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான் ஒண்டு கேக்கவேணும், மாஸ்டர்."

அவர் அவளின் தம்பியைப் பார்த்தார். சற்குணம் நிலத்தைப் பார்த்தார்.

"இவர் உங்கட பேரைத்தான் குடுத்தவர். ஏரம்பமூர்த்தி மாஸ்டருக்கு என்னை வடிவாத் தெரியும், அவர் ஒரு வார்த்தை சொன்னாக் காணும் எண்டு சொல்லிச் சொல்லித் திரிஞ்சவர். கடைசிமட்டும் அப்பிடித்தான் நம்பிக்கொண்டிருந்தவர்." அவள் கண் இமைக்கவில்லை. "இவரை உங்களுக்குத் தெரியுமோ?"

ஒரு சொல். இந்த முறையும் ஒரு சொல்தான். அவர் முன்னால் அந்தச் சொல் கிடந்தது. குனிந்து எடுக்க வேண்டியதுதான். பின்கழுத்துச் சூடு குறைந்தது. பின்னால் நின்றது எதுவோ, அது அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. உண்மையிலேயே காத்திருந்தது. மகேசன் எப்போதும் அப்படித்தான். பிழை விட்டவருக்குத் தானே திருத்திக்கொள்ள நேரம் கொடுப்பார்.

தெரியும் என்றால் என்ன ஆகும்? ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். மோகனதாஸ் பாபகூரா முழுக்கச் சொல்லுவார். கழகம். முன்வரிசை. படம்.

"தெரியாது, பிள்ளை," என்றார் ஏரம்பமூர்த்தி. "கேள்விப்பட்டதே இல்லை."

அவள் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்ததைக் கேட்டவள் போல. கைகளை உயர்த்தி, மிகவும் முறையாக, சுருக்கம் விழாமல், பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினாள். அது ஈரமாக இருந்தது. பாரமாக இருந்தது. அவள் கைகள் எடுபட்ட பிறகும் தோளில் இரண்டு கைகள் இருந்தன.

கேமராவின் ஒளி வெட்டியது.

வெள்ளை.

பிறகு ஒன்றும் தெரியவில்லை. கண்ணைக் கசக்கினார். ஆளுநரின் கல் இருந்தது. நான்கு பேரும் இல்லை.

"சற்குணம்," என்று கூப்பிட நினைத்தார். வாய் திறந்தது. செருமல் வந்தது. இரண்டு தரம்.

மறுபடி முயன்றார். அதே செருமல்.

பொன்னாடையை இழுத்தார். வரவில்லை. தோலோடு ஒட்டியிருந்தது. கழுத்து வழியே மண்ணெண்ணெய் வடிந்து சட்டைக்குள் இறங்கியது. காற்சட்டைப் பையைத் தடவினார். வானின் திறப்பு இல்லை.

மேலே எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தம். முதல் தடவையிலேயே.

ஓடினார். ஈரப் படிகள். வழுக்கல். முழங்கால். மறுபடி ஓட்டம். பின்னால் சரிவில் ஏதோ எழும்பியது. ஒன்றல்ல. பல.

வீதி. வானுக்குள் மஞ்சள் வெளிச்சம். யன்னல்கள் ஆவி படிந்திருந்தன. உள்ளே எல்லோரும் இருந்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பின்பக்கமாகத் திரும்பி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். சுருட்டை முடி. வெளிச்சம் அவர் முகத்தில் விழவில்லை; முகம் இருக்க வேண்டிய இடத்தில் விழுந்து, கருமைக்குள் போய் நின்றுவிட்டது. ஆனால் குரல் கேட்டது, மெல்லிய குரல். விக்டோரியா மகாராணி இங்கே வந்ததேயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. கிளாரா சிரித்தாள். சற்குணம்கூடச் சிரித்தார். நாள் முழுவதும் அவர்கள் இப்படி ஆசையாகக் கேட்கவில்லை.

ஏரம்பமூர்த்தி கண்ணாடியில் அடித்தார். இரண்டு கையாலும்.

மோகனதாஸ் உள்ளேயிருந்து ஆவியைத் துடைத்தார். வெளியே பார்த்தார். அவர் கண் ஏரம்பமூர்த்தியின் முகத்தில் நின்றது. ஒரு நாள் முழுக்கக் கூட வந்த முகம்.

"யாரு இது?" என்றார். "உங்களுக்குத் தெரியுமா?"

புஷ்பவதி முன் இருக்கையில் இருந்தாள், ஓட்டுநருக்குப் பக்கத்தில். அவள் திரும்பினாள். கண்ணாடிக்கு ஊடாக அவரை நேராக, நெடுநேரம் பார்த்தாள். அடையாளம் தெரியாதவர்களை யாரும் அப்படிப் பார்க்கமாட்டார்கள். அவளுடைய வலது கை கியர்த் தடியின் மேலிருந்த ஒரு கரிய கையின் மீது கிடந்தது. வெள்ளைச் சேலையின் மடியெல்லாம் கரி.

"தெரியாது," என்றாள். "கேள்விப்பட்டதே இல்லை."

வான் நகர்ந்தது. சிவப்பு விளக்குகள் பாலத்தின் மேல் ஏறின. சின்னதாகின.

ஏரம்பமூர்த்தி வீதியோரத்தில் நின்றார். சொட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால், இருட்டுக்குள், படிகளில் ஏறி வந்தவர்கள் வந்து நின்றார்கள். நெருக்கமாக. ஒரு சபை போல. மிகவும் மரியாதையாக.

யாரோ தீப்பெட்டியைத் திறந்தார்கள்.

குச்சி உரசியது. ஒரு தரம். சிறிய இடைவெளி.

இரண்டாம் தரம், பொன்னாடையின் சரிகை முழுவதும் வெளிச்சத்தில் மின்னியது.